மங்கிய ஒளியில் நிழற்படம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

     

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் சமயமும் இசையும் பேசப்பெறுவது வழக்கம். இவ்வாண்டு விஞ்ஞானப் பொருள் ஒன்றும் இடம்பெறட்டும் என்று குழுவினர் விரும்பினர். நாம் கல்லூரியில் பௌதிகம் பயின்றவர் அல்லோம். ஆயினும் நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பையிலும் இன்று ஒரு கேமரா இருக்கின்றது. அதன் இயல்பைக் கல்லாதவரும் அறியலாம். அறிந்தால் பணமும் மிஞ்சும், படமும் தேறும். ஆதலின் அதனையே பொருளாகக் கொண்டோம்.

நவராத்திரியில் கொலுவின் முன் பெண்கள் பாடிய படம், கார்த்திகையில் வாசற்படி விளக்குகளின் படம், சென்ற ஆண்டு விழாவில் குழந்தைகள் ஆடிய படம் ஆகியவற்றை நம் வாட்ஸ்அப் குழுவில் யாவரும் கண்டிருப்பீர்கள். பகலில் எடுத்தது பளிங்குபோல் இருக்கின்றது. இரவில் எடுத்ததோ, யாரோ படத்தின்மேல் ரவையைத் தூவிவிட்டாற்போல் சிவப்பும் பச்சையும் கருமையுமாய்ப் பொரிந்து கிடக்கின்றது. இப்பொரிவை ஆங்கிலத்தில் நாய்ஸ் என்பர். தமிழில் இரைச்சல் எனலாம். வானொலியில் பாட்டுக்கிடையே 'கரகர' என்று கேட்கும் இரைச்சல் காதுக்கு எப்படியோ, அப்படியே இது கண்ணுக்கு.

இது பொழுதுபோக்கிற்காகப் படம் எடுப்பவர் கவலை மட்டும் அன்று. ஊரைவிட்டு வெகுதொலைவில் வாழும் நமக்கு, ஊரிலுள்ள பெரியவர்கள் பேரக்குழந்தைகளைக் காண்பது பெரும்பாலும் படத்தில்தான். நம் குழந்தைகள் பாட்டனாரையும் பாட்டியையும் நினைவில் வைத்துக்கொள்வதும் படத்தைக் கொண்டுதான். விடுப்பில் சென்ற நாலு நாளில், விளக்கு வைத்தபின் கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்த பெரியவரை எடுத்த படமே சில குடும்பங்களில் அவருடைய கடைசிப் படமாகிவிடுகின்றது. அதில் முகம் தெரிய வேண்டாமா?

இதற்கு மருந்தாக, 'இருபது கோடிப் புள்ளி கொண்ட கேமரா' என்னும் விளம்பரத்தை நம்பி மாதத் தவணையில் புதிய கைப்பேசி வாங்குவோர் பலர். முக்கால் லட்சம் கொடுத்துப் பெரிய கேமரா வாங்கலாமா என்று கேட்போரும் உளர். நோயின் காரணத்தை அறியாமல் மருந்து வாங்குதல் தகாது. ஆகவே, காரணத்தை முதலில் காண்போம்.

ஒளி மழைத்துளி போன்றது

ஒளி ஓர் ஆறுபோல இடைவிடாமல் பாய்வதாகவே நம் கண்ணுக்குத் தோன்றுகின்றது. உண்மையில் அது துளித்துளியாகவே வந்து விழுகின்றது. 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் இக்கருத்தை எடுத்துரைத்து, ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்படும் விந்தையை அதனால் விளக்கினார். 1921ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவ்விளக்கத்தின் பொருட்டே அவருக்கு வழங்கப்பெற்றது. 1924இல் நம் நாட்டு விஞ்ஞானி சத்தியேந்திரநாத் போஸ், டாக்கா பல்கலைக் கழகத்தில் இருந்துகொண்டே, இத்துளிகளை எண்ணுதற்குரிய புதிய கணக்கு முறையை வகுத்து உலகறியச் செய்தார். இத்துளியைப் போட்டான் என்பர். நாம் ஒளித்துளி என்றே சொல்வோம்.

கேமராவின் உள்ளே, லென்ஸுக்குப் பின்னால், சென்சார் என்னும் ஒளியுணர் தகடு இருக்கின்றது. பழைய கேமராக்களில் பிலிம் இருந்த இடம் அது. தகட்டில் லட்சக்கணக்கான நுண்ணிய அறைகள் உள. ஒவ்வோர் அறையும் தன்மீது விழும் ஒளித்துளிகளை மின்னாக மாற்றிக் கணக்கெடுக்கின்றது. துளி மிகுதியாக விழுந்த இடம் படத்தில் வெளிச்சம். குறைவாக விழுந்த இடம் நிழல்.

இனி முக்கியமான செய்தி. துளிகள் அணிவகுத்துச் சீராக வருவதில்லை, தாறுமாறாகவே வருகின்றன. தூறல் தொடங்கும்போது முற்றத்தில் ஒரே அளவான இரண்டு டம்ளர்களை வைத்துப் பாருங்கள். ஒன்றில் 3 துளி விழும். மற்றொன்றில் 6 துளி விழும். இரண்டிடத்தும் பெய்தது ஒரே மழைதான். ஆயினும் ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்கு மழை பெய்ததாகக் கணக்குச் சொல்கின்றது. மழை வலுத்தபின் அவ்விரண்டையும் நோக்கின் நீர்மட்டத்தில் வேற்றுமை காண இயலாது.

பயணச்சீட்டுச் சாளரத்தில் பணி புரிந்தோர்க்கு இது நன்கு விளங்கும். வண்டி வரவின் நெருக்கடி இல்லாத நேரத்தில், ஒரு சாளரத்திற்கு மணிக்குச் சராசரியாக 100 பேர் தம் விருப்பம்போல் வந்து போகின்றனர் என்க. ஒரு மணி நேரத்தில் 92 பேர், மற்றொரு மணி நேரத்தில் 109 பேர் என எண்ணிக்கை ஏறத்தாழ 10 பேர் கூடியும் குறைந்தும் இருக்கும். சராசரி 4 பேரே வரும் சிறு நிலையத்திலோ அது 2 பேர் கூடிக் குறையும். பெரிய நிலையத்தில் தடுமாற்றம் பத்தில் ஒரு பங்கு. சிறு நிலையத்தில் பாதிக்குப் பாதி. எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவே தடுமாற்றம் என்பது கணித விதி.

ஒளிக்கும் இவ்விதியே. ஓர் அறையில் 10,000 துளிகள் விழுந்தால் தடுமாற்றம் 100. அதாவது நூற்றுக்கு ஒன்று. அதனைக் கண் உணராது. 100 துளிகளே விழுந்தால் தடுமாற்றம் 10. அதாவது நூற்றுக்குப் பத்து. அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒரே நிறமுடைய சுவரில் அடுத்தடுத்த அறைகள் ஒன்று கூடவும் ஒன்று குறையவும் கணக்குக் காட்டுவதால் சுவர் பொரிந்து தோன்றுகின்றது. இவ்வகை இரைச்சலை மின்சாரத்தில் ஆராய்ந்து, ஈயக் குண்டுகள் சிதறி விழுவதற்கு ஒப்பிட்டுப் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் வால்ட்டர் ஷாட்கி, ஆண்டு 1918.

ஆகவே, இருட்டுப் படத்தின் இரைச்சலில் பெரும்பகுதி கேமராவின் பழுதன்று; ஒளியின் இயற்கை. கேமராவின் மின்சுற்றும் தன் பங்குக்குச் சிறிது இரைச்சல் சேர்ப்பதுண்டு. ஆனால் முதற்காரணம் துளிகளின் பஞ்சமே. துளிகளை மிகுதியாகச் சேகரித்தல் ஒன்றே அடிப்படையான பரிகாரம்.

பாத்திரத்தின் அளவு

மழைநீர் மிகுதியாக வேண்டுமெனில் அகன்ற பாத்திரம் வைக்க வேண்டும். அப்பாத்திரமே சென்சார்.

முப்பத்தைந்து மில்லிமீட்டர் சினிமா பிலிமைக் கொண்டு சிறிய கேமரா செய்ய முனைந்த ஆஸ்கார் பார்னாக் என்னும் ஜெர்மானியத் தொழில்நுட்பர், சினிமாவின் இரண்டு சட்டங்களை ஒன்றாக்கி 36க்கு 24 மில்லிமீட்டர் என்னும் அளவை அமைத்தார். அவர் வடிவமைத்த லைக்கா கேமரா 1925இல் விற்பனைக்கு வந்தது. அவ்வளவுள்ள சென்சாரையே இன்று ஃபுல் ஃபிரேம் என்கின்றனர். அதன் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். ஒரு தபால் தலையின் அளவு. அடுத்தது ஏ.பி.எஸ்.-சி, பரப்பு ஏறத்தாழ 367. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்பது 225. 'ஒரு அங்குல' சென்சார் எனப்படுவது 116. சட்டைப்பைக் கேமராக்களில் இருந்த '1/2.3 அங்குல' சென்சார் 28 மட்டுமே. ஒரு துவரம்பருப்பின் அளவு. உயர்ந்த விலைக் கைப்பேசிகள் சிலவற்றின் முதன்மைச் சென்சார் இன்று சுமார் 70 சதுர மில்லிமீட்டர் வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் வளர்ந்துள்ளது. ஆனால் அதே கைப்பேசியில் அகன்ற காட்சிக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள பிற கேமராக்களின் சென்சார்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை. இரவில் அவற்றைப் பயன்படுத்துதல் நன்றன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை. 'ஒரு அங்குலம்' என்றால் அளவுகோலின் அங்குலம் என எண்ணிவிடலாகாது. அச்சென்சாரின் மூலைவிட்டம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டரே. உண்மை அங்குலமோ 25.4 மில்லிமீட்டர். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தைக் குறித்த பெயர் அது. குழாய் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. வாங்குவோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

864ஐ 28ஆல் வகுத்தால் ஏறத்தாழ 31. ஒரே வெளிச்சத்தில், ஒரே அளவு திறந்த லென்ஸில், ஒரே நேரம் காட்டினால் பெரிய தகடு 31 மடங்கு துளிகளைச் சேர்க்கும். வர்க்கமூல விதிப்படி அதன் படத்தில் இரைச்சல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு குறையும். பெரிய கேமராவின் இரவுப் படம் தெளிவாக இருப்பதன் இரகசியம் இதுவே.

பழைய நாளிலும் இந்த நியதி இருந்தது. அக்ஃபா கிளிக் த்ரீ என்னும் எளிய கேமரா பல வீடுகளில் இருந்தது, முதியோர்க்கு நினைவிருக்கும். அதில் 6 சென்டிமீட்டர் சதுரமான பெரிய நெகட்டிவ் விழும். எளிய லென்ஸ்தான், ஆயினும் அப்படங்கள் இன்றும் பார்க்கத் தெளிவாக உள. நெகட்டிவின் பரப்பு அதற்குத் துணை செய்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்று 1967 முதல் பிலிம் உற்பத்தி செய்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' சுருளை அறிந்தவர்களும் இங்கு இருக்கலாம். மங்கிய ஒளிக்கென்று செய்த வேகமான பிலிமில் வெள்ளி உப்பின் மணிகள் பெரியவையாக இருக்கும். அதனால் படத்தில் மணிமணியாகத் தெரியும். அன்று மணி, இன்று இரைச்சல்.

புள்ளிகளின் எண்ணிக்கை

இனி இருபது கோடிப் புள்ளிக்கு வருவோம். முற்றத்தில் ஓர் அண்டா வைக்கின்றோம். அதே இடத்தில் அண்டாவை எடுத்துவிட்டு இடைவெளியின்றி நூறு டம்ளர்களை நெருக்கி வைக்கின்றோம். பெய்யும் நீர் கூடுமா? கூடாது. புள்ளிகளைப் பெருக்குவதால் துளிகள் பெருகா, பங்குகள்தாம் பெருகும். ஒரு பங்குக்கு வரும் துளி குறையும்.

இருபது கோடிப் புள்ளியுள்ள கைப்பேசிகளே இதனை ஒப்புக்கொள்கின்றன. மங்கிய ஒளியில் அவை பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே புள்ளியாகக் கொண்டு, ஒன்றேகால் கோடிப் புள்ளியுள்ள படத்தையே தருகின்றன. பகலில் வெளிச்சம் தாராளமாக உள்ளபோது மிகுந்த புள்ளிகளால் நுண்மை கிட்டும் என்பது உண்மையே. இரவில் அவ்வெண்ணிக்கையால் பயன் சிறிது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'எத்தனை கோடிப் புள்ளி?' என்பதன்று, 'சென்சாரின் அளவு யாது?' என்பதே.

வாசலும் நேரமும்

பாத்திரம் பெரிதாயினும் கூரையின் ஓட்டை சிறிதானால் நீர் சேராது. லென்ஸின் திறப்பை எஃப் என்னும் எண்ணால் குறிப்பர். எண் சிறிதானால் திறப்புப் பெரிது. எஃப் 1.8 கொண்ட லென்ஸ், எஃப் 3.5 கொண்ட லென்ஸைப்போல் ஏறத்தாழ நாலு மடங்கு ஒளியைத் தகட்டின்மேல் விழச் செய்யும்.

இதனால் விளையும் ஒரு விந்தையைக் கூறுவோம். ஏ.பி.எஸ்.-சி கேமராவை வாங்கும்போது உடன் தரப்படும் லென்ஸின் திறப்பு பெரும்பாலும் எஃப் 3.5இல் தொடங்குகின்றது, தொலைவை நெருக்கினால் 5.6 ஆகிச் சுருங்கிவிடும். நல்ல கைப்பேசியின் லென்ஸ் எஃப் 1.8 அளவில் இருக்கின்றது. கேமராவின் தகடு கைப்பேசியைவிட ஐந்து மடங்கு பெரிது. அதன் வாசலோ நாலில் ஒரு பங்கு. கழித்துப் பார்த்தால், அகன்ற காட்சியில் முக்கால் லட்சத்துக் கேமரா சேர்க்கும் ஒளி, கைப்பேசி சேர்ப்பதைவிட ஒன்றரை மடங்கினும் குறைவாகவே மிகும். இவ்வளவு செலவிட்டும் இரவுப் படம் ஏன் சிறக்கவில்லை என்று பலர் மயங்குவதற்குக் காரணம் இதுவே. அதே கேமராவில் எஃப் 1.8 திறப்புள்ள எளிய லென்ஸ் ஒன்றைப் பொருத்தினால் ஐந்து மடங்கு ஒளியும் முழுமையாகக் கிட்டும். அவ்வகை லென்ஸின் விலை கேமரா விலையில் ஒரு சிறு பகுதியே. பழைய கேமரா உடலும் நல்ல லென்ஸும், புதிய உடலும் கூட வந்த லென்ஸுமாகிய இரண்டனுள் இரவுக்கு முன்னதே சிறந்தது.

வாசலின் பெருமைக்கு ஒரு சான்று. ஸ்டான்லி கூப்ரிக் என்னும் இயக்குநர் 1975இல் வெளியிட்ட 'பாரி லிண்டன்' திரைப்படத்தில் சில காட்சிகளை மெழுகுவர்த்தி ஒளியிலேயே படமாக்கினார். அதற்கு அவர் நாடியது, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவிற்கென்று ஸைஸ் நிறுவனத்தார் செய்த எஃப் 0.7 லென்ஸ்.

மூன்றாவது, நேரம். வெளியில் உச்சி வெயிலின் அளவு சுமார் 1,00,000 லக்ஸ். இரவில் வீட்டுக் கூடத்தில் 100 லக்ஸ் இருந்தாலே நல்ல வெளிச்சம் என்கின்றோம். ஒரு மெழுகுவர்த்தி ஒரு மீட்டர் தொலைவில் தருவது 1 லக்ஸ். நம் கண் தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதால் கூடம் வெளிச்சமாகத் தோன்றுகின்றது. கேமராவிற்கோ அது வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 லக்ஸ் வெளிச்சத்தில், எஃப் 1.8 லென்ஸில், தகட்டுக்கு வேண்டிய ஒளி முழுதும் சேர ஏறத்தாழ விநாடியில் 12இல் ஒரு பங்கு நேரம் வேண்டும். அசையாமல் அமர்ந்த முதியவர்க்கு அது போதும். பரதநாட்டியம் ஆடும் குழந்தையின் கைகள் கலங்காமல் பதிய விநாடியில் 250இல் ஒரு பங்கே காட்டலாம். அப்போது கிடைப்பது தேவையில் இருபதில் ஒரு பங்கு ஒளி.

அப்பொழுது கேமரா என் செய்கின்றது? ஐ.எஸ்.ஓ. என்னும் எண்ணை 100இலிருந்து 2000க்கு உயர்த்துகின்றது. இது ஒளியைக் கூட்டுவதன்று. வந்த சிறிதளவை இருபது மடங்கு பெருக்கிக் காட்டுவது. வானொலிக் குமிழைத் திருகினால் பாட்டோடு கரகரப்பும் உரத்துக் கேட்பது போன்றதே இது.

பல படம் ஒன்றாதல்

இன்றைய கைப்பேசியில் இரவுக்கென ஒரு முறை உண்டு. 'அசையாமல் பிடியுங்கள்' என்று அது சொல்லும்போது ஒரு படத்தை அன்று, பல படங்களை அடுத்தடுத்து எடுக்கின்றது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கின்றது. 16 படங்களைச் சேர்த்தால் துளிகள் 16 மடங்கு. இரைச்சல் நாலில் ஒரு பங்கு. சிறிய பாத்திரத்தைப் பலமுறை வைத்து எடுத்து ஒரே குடத்தில் ஊற்றுவது போலும்.

இது வானநூலாரின் முறை. ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி 1986இல் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பெற்றது. ஆடி அகலமாக இருப்பது துளிகளைச் சேர்ப்பதற்கே. மங்கிய விண்மீனை நெடுநேரம் பார்ப்பதும், பல பதிவுகளை ஒன்று சேர்ப்பதும், சென்சார் வெப்பத்தால் இரைச்சல் செய்யாதவாறு கடுங்குளிரில் வைப்பதும் வானநூலாரின் வழக்கம்.

அதற்கும் முன்னே, திருச்சிராப்பள்ளியில் பிறந்து கல்கத்தாவிற் பணி புரிந்த சர் சி. வி. இராமன், 1907 முதல் பத்தாண்டுகள் அரசாங்க நிதித்துறை அலுவலராக இருந்துகொண்டே காலையும் மாலையும் ஆராய்ச்சிக் கூடம் சென்றவர் என்பதை நம்மைப்போன்ற அலுவலகத்தார் நினைவிற் கொள்ளத் தகும். 1928 பிப்ரவரி 28இல் அவர் கண்ட சிதறொளி மிக மிக மங்கியது. அதன் நிறமாலையைத் தகட்டிற் பதிக்கப் பல மணிநேரம் ஒளி காட்ட வேண்டியிருந்தது. பொறுமையும் ஒரு கருவியே என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஆனால் ஒன்று. விண்மீன் அசையாது நிற்கும், குழந்தை நில்லாது. ஓடுவோர்க்கும் ஆடுவோர்க்கும் இரவு முறை பயன்படாது.

முகமும் நிறமும்

தாய்மார்கள் சிறிது செவிசாய்க்க வேண்டிய இடம் இது. இரைச்சலை மறைக்கக் கைப்பேசி படத்தை மெழுகிவிடுகின்றது. பொரிவு போகின்றது, அதனோடு பாட்டியின் முகச் சுருக்கமும், பட்டுப் புடவையின் நெசவும், தலைமயிரின் இழையும் போய்விடுகின்றன. மிஞ்சுவது மெழுகுப் பொம்மை. பொரிந்த படத்தில் மனிதர் தெரிவர். மெழுகிய படத்தில் மனிதர் தெரியார். இரண்டனுள் ஒன்றுதான் கிட்டுமெனில் பொரிவையே ஏற்றல் நலம்.

மற்றொன்றும் உண்டு. கறுத்த மேனி வெளுத்த மேனியைவிடக் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்புகின்றது. துளி குறைந்த இடத்தில் இரைச்சல் மிகும் என்று கண்டோம். ஆகவே மங்கிய கூடத்தில் முதலில் கெடுவது கறுத்தோர் முகமே. பிலிம் காலத்திலும் மேனாட்டு ஆய்வுக்கூடங்கள் வெள்ளை நிறப் பெண்ணின் படமுள்ள அட்டையைக் கொண்டே நிறத்தைச் சரிபார்த்து வந்தன. இன்று சில கைப்பேசிகள் 'அழகு' என்னும் பெயரால், கேளாமலே முகத்தை வெளுப்பாக்கித் தருகின்றன. வரன் பார்க்க அனுப்பும் பெண்ணின் படத்தில் அவள் நிறம் அவளுடையதாக இல்லை. நேரில் பார்க்க வந்தவர் ஏமாற்றம் அடைந்தால், குறை பெண்ணுடையதன்று, படத்தினுடையது. அதனினும் வருந்தத்தக்கது, பதின்மூன்று வயதுச் சிறுமி அப்படத்தைப் பார்த்து, 'இப்படி இருந்தால்தான் நன்று போலும்' என்று எண்ணிக்கொள்வது. கறுத்த முகத்திற்கு வேண்டுவது வெளுப்பன்று, வெளிச்சம். அமைப்புப் பகுதிக்குச் சென்று அவ்வழகுக் கருவியை இன்றிரவே நிறுத்திவிடுங்கள்.

செய்யத் தக்கன

இனிச் செலவில்லாத வழிகள் சில.

ஒன்று: ஆளை விளக்கருகே அழையுங்கள். சிறு விளக்கிலிருந்து 2 மீட்டரில் இருப்பவர் 1 மீட்டருக்கு வந்தால் அவர்மீது விழும் ஒளி நாலு மடங்கு. நாலு மடங்கு பெரிய சென்சார் வாங்கியதன் பயன், நாற்காலியை நகர்த்துவதால் கிட்டிவிடுகின்றது.

இரண்டு: முதியோரைப் பகலில் எடுங்கள். திண்ணையும் சன்னலோரமும் எந்தக் கேமராவினும் உயர்ந்தவை.

மூன்று: லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெய் படிந்த கண்ணாடியில் ஒவ்வொரு விளக்கும் புகைவட்டமாகும்.

நான்கு: கைப்பேசியைச் சுவரிலோ மேசையிலோ சாய்த்து வையுங்கள். முக்காலி இருப்பின் மிக நன்று. விரலால் நெருக்கிப் பெரிதாக்குவதைத் தவிர்த்து, நாலடி முன்னே செல்லுங்கள். பெரிதாக்குதல் சென்சாரின் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்துவதாகும்.

ஐந்து: நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று உடையது, அதனால் குழல் விளக்கும் எல்.இ.டி. விளக்குகள் பலவும் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. நேரத்தைக் கையால் அமைக்கும் வசதி உள்ளவர்கள், அசைவு மிகாத காட்சிக்கு 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என அமைத்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழா.

ஆறு: நல்ல படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு மேலும் கெடும், கோப்பாக அனுப்புங்கள். மிக நல்ல படத்தைத் தாளில் அச்சிட்டு வையுங்கள்.

சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம்

இறுதியாக, நிருவாகக் குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். சங்கத்திற்கெனக் கேமரா ஒன்று வாங்கலாம் என்னும் யோசனை இருப்பதாகக் கேள்வியுறுகின்றோம். வாங்குக, வேண்டாம் என்பார் அல்லோம். ஆனால் அதற்கு முன் இக்கூடத்தின் விளக்குகளைக் கவனியுங்கள். மேடைக்கு மட்டும் வெளிச்சம் உண்டு. பின்வரிசைகளில் அமர்ந்த முதியோர்க்கு ஒரே ஒரு குழல் விளக்கு. கூடத்தின் பின்புறம், காலை முதல் அடுப்பருகே நின்று நம் அனைவர்க்கும் விருந்து சமைக்கும் தாய்மார்க்கும் தம்பிமார்க்கும் தொங்குவது ஒரு சிறு பல்பு. நம் மலர்களின் படப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். மேடையில் மாலை ஏற்றவர் தெளிவாக இருப்பர். பந்தியில் பரிமாறியவர் நிழலாக இருப்பர். சமைத்தவர் பெரும்பாலும் இருக்கவே மாட்டார். எந்தச் சென்சாரும் இக்குறையைத் தீர்க்காது. பின்புறம் நாலு நல்ல விளக்குகள் போட ஆகும் செலவு, ஒரு லென்ஸின் விலையிலும் குறைவு. சமைப்போர் கண்ணுக்கும் கைக்கும் அதனால் நன்மை. படம் அதற்குப்பின் தானே தேறும்.

விளக்குகள் முதலில், நல்ல லென்ஸ் அடுத்து, கேமரா உடல் கடைசியில் என்னும் வரிசையில் குழுவினர் ஆராய்ந்து முடிவு செய்வார்களாக. அடுத்த ஆண்டு மலரில் அடுப்பருகே நிற்போரின் முகங்களையும் நாம் காண்போமாக.